இணக்க அறுப்பு

கூட்டுப் பராமரிப்புத் திணைக்களத்தின் கலந்தாய்வுக் கூட்டங்கள் எப்போதும் சுமுகமாகவே நடந்தன. இது சயூரனுக்கு நன்றாகத் தெரியும். கூட்டக் குறிப்புகளை மடித்து உறையிலிட்டுத் தபாலில் சேர்க்கிறவன் அவன். கூட்டம் முடிந்தபின் கம்பளத்தில் ஊறிய இரத்தத்தைத் தேய்த்துக் கழுவுகிறவனும் அவனே. சுடுதண்ணீர் விட்டால் கறை பிடித்துக்கொள்ளும், குளிர்ந்த தண்ணீர்தான் விடவேண்டும் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே படித்துக்கொண்டான்.

திணைக்களம் ஒஸ்லோவில், மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னால், கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடியில் இருந்தது. அதன் வேலையை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. மலைப்பக்கத்தில் நோர்வேயின் பூர்வகுடிகளான ஸாமி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பனிமான் மேய்த்து வந்த நிலத்தை அரசாங்கம் எடுத்துத் தேசியப் பூங்கா ஆக்கியது. எடுத்த பிறகு அதற்கு மனச்சாட்சி குத்தியது. திருப்பிக் கொடுத்திருந்தால் குத்து நின்றிருக்கும். அது மட்டும் முடியாதாம். ஆகவே, "வாருங்கள், பூங்காவை இருவரும் சேர்ந்தே பார்த்துக்கொள்வோம்" என்று நிலத்தை இழந்தவர்களையே கூப்பிட்டு உடன்படிக்கை எழுதத் தொடங்கியது.

உடன்படிக்கை எல்லோருடைய இணக்கத்தோடும் எழுதப்பட வேண்டும். இணக்கம் வரும்வரை கூட்ட அறையின் கதவைத் திறக்கக்கூடாது. இது விதி. உள்ளே நான்கு ஸாமி உறுப்பினர்கள், நான்கு அரச உறுப்பினர்கள், மூன்று கண்ணாடிக் குடுவைகளில் தண்ணீர், மான்கொம்பில் செய்த ஒரு சுத்தியல். எந்தக் கோயில் நிர்வாகசபையையும் இப்படி எட்டு மணித்தியாலம் பூட்டி வைத்துப் பாருங்கள், விளங்கும். கதவு திறக்கும்போது யாராவது ஒருவர் நொண்டிக்கொண்டுதான் வெளியே வருவார். ஒருமுறை மேசைக்குக் கீழே சயூரன் ஒரு பல்லைக் கண்டெடுத்தான். கடித உறையில் போட்டு, தேதி எழுதி, வரவேற்பு மேசையில் ஒப்படைத்தான். அங்கிருந்த பெண் அதைத் தவறவிட்ட பொருட்களின் பெட்டியில், ஒரு குடைக்கும் ஒற்றைக் கையுறைக்கும் நடுவில் வைத்தாள். அந்தக் கூட்டத்தின் குறிப்பில், 'கருத்துகள் தடையின்றிப் பரிமாறப்பட்டன' என்று எழுதியிருந்தது.

எட்டுப் பேரைத் தவிர ஒன்பதாவதாக ஒரு நடுநிலை உறுப்பினர் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. அவருக்கு மானோடும் மலையோடும் எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது. துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் இரண்டு வருடமாக அந்தக் கதிரையில் இருந்தார். பாவம், நல்ல மனிதர். மேசையின் நடுவில் இருந்தபடியால் இரண்டு பக்கத்திலிருந்தும் வருவதெல்லாம் அவர்மேல்தான் விழுந்தது. ஜனவரிக் கூட்டத்தில் பறந்து வந்த ஒரு கதிரை அவருடைய தாடையை இடம் மாற்றிவிட்டது. யார் எறிந்தது என்பதை ஒருவரும் காணவில்லை. 'நடுநிலை உறுப்பினர் மேற்கொண்டு எதுவும் சொல்ல விரும்பாமல் விடைபெற்றார்' என்று குறிப்பு எழுதினார்கள். உண்மையில் அவரைத் தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள். எதிரே சயூரன் வாளியோடு வந்துகொண்டிருந்தான்.

கூட்டங்களுக்குத் தலைமை தாங்கும் பணிப்பாளர் ஆஸ்முண்ட் வாளியைப் பார்த்தார். பிறகு வாளியைப் பிடித்திருந்தவனைப் பார்த்தார்.

"உங்களுக்குப் பனிமான் வளர்க்கும் உறவினர் எவரேனும் உண்டா?"

"இல்லை."

"மலைப்பிரதேசத்தோடு தொடர்பு?"

"எங்கடை ஊரிலை மலையே இல்லை. மேடு எண்டால் குப்பைமேடுதான்."

"பனிமானை எப்போதாவது கண்டதுண்டா?"

"நத்தார் வாழ்த்து அட்டையிலை கண்டிருக்கிறன்."

ஆஸ்முண்டின் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு தூய்மையான அறியாமையை என் முப்பது வருட சேவையில் நான் சந்தித்ததில்லை" என்று சொல்லிச் சயூரனின் ஈரக்கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கள் நாட்டிலும் நான் சமாதானம் செய்தவன், தெரியுமா? ஹெலிகொப்டரில் வந்து இறங்கினேன். கீழே மக்கள் எல்லோரும் கையசைத்தார்கள். மறக்கவே முடியாத காட்சி."

சயூரனாலும் மறக்க முடியாது. அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. கையசைத்தவர்களில் அவனும் ஒருவன். இங்கே இறங்க வேண்டாம், தகரம் பறக்கும் என்றுதான் அசைத்தார்கள். ஹெலிகொப்டர் இறங்கியது. பள்ளிக்கூடக் கொட்டகையின் கூரைத் தகரம் பறந்துபோய், வேலியோரம் நின்ற ஆடொன்றை இரண்டாக வெட்டியது. சமாதான காலத்தில் அந்த ஊரில் விழுந்த முதல் உயிர் அது. இதையெல்லாம் பணிப்பாளரிடம் சொல்வது அழகில்லை என்று சயூரன் பேசாமல் நின்றான். பேசாமல் நிற்பதைத் திணைக்களம் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படித்தான் ஹொல்ம்லியாவில் மூன்றறை வீட்டில் இருக்கும், மாதம் இரண்டு தடவை முருகன் கோயிலுக்குப் போகும், கூட்டித் துடைக்கும் வேலை செய்யும் சயூரன், ஸ்கார்வெட் தேசியப் பூங்காவின் ஒன்பதாவது உறுப்பினர் ஆனான்.

பெப்ரவரிக் கூட்டத்துக்குக் கலியாண வீட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனான். எதிரே ரிஸ்டீன் இருந்தாள். ஐம்பது வயது, அகலமான தோள், கயிறு இழுத்து இழுத்துக் காய்ந்துபோன பெரிய கைகள். ஸ்கார்வெட் பூங்காவின் நடுவில் உள்ள பள்ளத்தாக்கில்தான் அவளுடைய மான்கள் காலம் காலமாகக் கன்று போட்டன. அந்தப் பள்ளத்தாக்கை அவள் தொடர்ந்து பயன்படுத்தலாமா, எத்தனை மானோடு பயன்படுத்தலாம் என்பதுதான் அன்றைய பேச்சு. அவள் பேசிய மலைப்பக்க நோர்வே மொழி, நொஸ்க், சயூரனின் காதுக்கு ஊர்ப்பேச்சு மாதிரியே விழுந்தது. ஆகையால் இங்கேயும் அப்படியே எழுதப்படுகிறது. அதிகாரிகளின் நொஸ்க் அப்படி விழவில்லை.

உடன்படிக்கையில் ஓரிடம் வெறுமையாக இருந்தது. 'மந்தையின் எண்ணிக்கை' என்று எழுதி, பக்கத்தில் கோடு மட்டும் போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டுக்கு வந்ததும் நான்கு அரச உறுப்பினர்களும் கூரையைப் பார்த்தார்கள். எதற்காக ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை என்பது சயூரனுக்கு விளங்கவில்லை.

"போன மாதம் ஹெலிகொப்டர் அனுப்பி எண்ணப் பாத்தீங்கள்தானே" என்றாள் ரிஸ்டீன். "சத்தத்துக்கு வெருண்டு ஏரியிலை பாய்ஞ்சதுகள். பனி உடைஞ்சு முப்பத்தொரு மான் தண்ணிக்குள்ளை தாண்டு செத்தது. கொம்பைப் பிடிச்சு இழுத்து இழுத்து என்ரை அண்ணன்ரை ரெண்டு விரல் போச்சு."

"அந்த முப்பத்தொன்றின் எண்ணிக்கை மிகத் துல்லியமானது" என்றார் ஆஸ்முண்ட் ஆறுதலாக. "அவை அசையாமல் இருந்தபடியால் எமக்கு எண்ண முடிந்தது. ஏனையவை ஒத்துழைக்கவில்லை."

ரிஸ்டீன் மேசையைத் தாண்டி வந்ததைச் சயூரன் காணவில்லை. மான்கொம்புச் சுத்தியல் பணிப்பாளரின் சுண்டுவிரலில் இறங்கிய சத்தத்தைத்தான் கேட்டான், காய்ந்த முருங்கைக்கொப்பு முறிந்த மாதிரி. பிறகு ஒரு அரச உறுப்பினர் இன்னொரு ஸாமி உறுப்பினரின் தலைமயிரைப் பிடித்தார், அவர் இவருடைய காதைக் கடித்தார், மற்றவர்களும் கைகலந்தார்கள். குறிப்பெழுதும் பெண் தலையை நிமிர்த்தாமல், 'உறுப்பினர்கள் நெருங்கிப் பழகினர்' என்று எழுதினாள்.

இடைவேளை விட்டார்கள். கதவு பூட்டியிருந்தபடியால் கோப்பி இயந்திரமும் அறைக்குள்ளேயே இருந்தது. எல்லோரும் ஒரு மூலையில் பணிப்பாளரின் விரலைச் சுற்றி நிற்க, ரிஸ்டீன் மட்டும் தனியாகக் கோப்பி எடுத்துக்கொண்டிருந்தாள். சயூரனுக்கு இரக்கமாக இருந்தது. அன்பாக ஏதாவது பேச வேண்டும் என்று பக்கத்தில் போனான். எங்கள் ஆட்களுக்கு அன்பாகப் பேச்சுத் தொடங்க ஒரு வழிதான் தெரியும்: எத்தனை பிள்ளை, எத்தனை பரப்புக் காணி, எத்தனை மாடு.

"எத்தினை மான் வைச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டான்.

அடுத்த கணம் அவனுடைய கழுத்துப்பட்டி அவள் கையில் இருந்தது. கன்னம் கோப்பி இயந்திரத்தின் சூடான தகட்டில் இருந்தது.

"உன்ரை வங்கியிலை எவ்வளவு கிடக்கு? சொல்லு பாப்பம்! ஆரும் ஆரையும் கேக்கிற கேள்வியோ இது? உன்னை அவிட்டுப்போட்டு நில் எண்டு கேட்டால் நிப்பியோ?"

சயூரன் சொன்னான். வங்கியில் இருப்பதைச் சொன்னான், வீட்டுக்கடனைச் சொன்னான், மனைவி ஜெனிதா தனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு கட்டிவரும் சீட்டையும் சொன்னான். ரிஸ்டீனின் பிடி மெல்லத் தளர்ந்தது.

"என்ன மனுசன் நீ? உதை ஆரிட்டையும் சொல்லுவாங்களோ?"

"எங்கடை கலியாண வீட்டிலை சாப்பாட்டுக்கு முன்னமே கேட்டிடுவினம்."

அவள் சிரித்துவிட்டாள். அந்த அறையில் பல்லைக் காட்டி யாரும் சிரித்து அவன் கண்டதில்லை. ஒருவன் தன்னுடைய மறைவையெல்லாம் திறந்து வைத்துவிட்டு நிற்கும்போது தான் மட்டும் மூடிக்கொண்டிருப்பது அவளுக்கு ஞாயமாகப் படவில்லைபோலும். குனிந்து அவன் காதுக்குள் சொன்னாள்: "நூற்றைம்பது. முக்கால்வாசி பெட்டை. மே மாதம் கண்டு போடும். ஒருத்தருக்கும் சொல்லாதை."

எண்ணிக்கையை மார்ச் கூட்டத்துக்குத் தள்ளிவைக்க எல்லோரும் இணங்கியதும் கதவைத் திறந்தார்கள். இரண்டு நாள் கழித்துத் திணைக்களத்திலிருந்து அவனுக்கு ஒரு படிவம் வந்தது. 'எவரையும் புண்படுத்தாத வகையில் நடுநிலை உறுப்பினருக்குத் தற்செயலாகத் தெரியவந்த மான்களின் எண்ணிக்கை' என்று ஒரேயொரு கேள்வி. ஹொல்ம்லியாவில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரமுன், குசினி மேசையில் அதை விரித்து வைத்துக்கொண்டு புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள். ஜெனிதா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுசி சொல்லாதை எண்டு சொன்னவ. நான் எழுதாமல் விடப்போறன்."

"என்னப்பா நீங்கள்? எழுதாட்டில் சைபர் எண்டு போட்டிடுவாங்கள். உள்ளதைச் சொல்லாதை எண்டுதானே சொன்னவ? அப்ப உள்ளதை எழுதாதேங்கோ. கூட்டி எழுதுங்கோ."

"கூட்டியோ?"

"நிவாரணப் பதிவை மறந்திட்டீங்களோ? இடம்பெயர்ந்து இருக்கேக்கை நாங்கள் ஆறு பேர். அப்பா பதினொண்டு எண்டு பதிஞ்சவர். செத்துப்போன பெரியப்பாவுக்கும் சேத்து மா எடுத்தனாங்கள். பக்கத்துக் கொட்டிலிலை மாஸ்ரர் குடும்பம் உள்ளபடி நாலு எண்டு பதிஞ்சதுகள். என்ன கிடைச்சது? கூரைக்கு ஒரு தறப்பாளும் நாலு பிஸ்கற் பைக்கற்றும்."

"நீர் சொல்லுறது சரிதான்."

"தலை கூடினால் காணியும் கூடத் தருவாங்கள். பாவம், அவவுக்கு உங்களாலை ஒரு நல்லது நடக்கட்டும்."

பதிவு என்று ஒன்று வந்தால் அதில் கூட்டித்தான் எழுத வேண்டும் என்பது சயூரனின் எலும்பில் ஊறிய அறிவு. அதனால் உயிர் தப்பியவர்களை அவன் கண்ணால் கண்டிருக்கிறான். ஆகவே தெளிவான கையெழுத்தில் முந்நூறு என்று எழுதி, கீழே ஒப்பமிட்டான். அன்றைக்கு அவனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. சோறும் கூடச் சாப்பிட்டான்.

மார்ச் கூட்டத்தில் ஆஸ்முண்ட் படிவத்தைப் பிரித்து வாசித்ததும் நான்கு அரச உறுப்பினர்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள். சயூரனும் வெட்கத்தோடு தலையாட்டினான். ஆஸ்முண்ட் கட்டுப்போட்ட விரலால் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"மான்கள் மேயும் ஸ்கார்வெட்டின் பாசிப்படுக்கை மிகவும் மென்மையானது. அது தாங்கக்கூடியது நூறு மான்கள் என்று எமது ஆய்வு கூறுகிறது. வருடத்துக்கு நாற்பதாயிரம் உல்லாசப் பயணிகளையும் அது தாங்கும். மனிதப் பாதம் பாசிக்கு உரமூட்டுகிறது. ஆகவே மிகுதி இருநூறு மான்களும், உரியவரின் பாரம்பரிய அறிவுக்கு மதிப்பளித்து, இணக்க அறுப்புக்கு உட்படுத்தப்படும். இது கட்டாய அறுப்பு அல்ல. அந்தச் சொல்லைப் போன வருடமே நீக்கிவிட்டோம்."

ரிஸ்டீன் சயூரனைப் பார்த்தாள்.

"என்னட்டை முந்நூறு இல்லை" என்றாள் அவள்.

"எத்தனை இருக்கிறது என்று நாம் கேட்கவில்லை. ஒருபோதும் கேட்கவும் மாட்டோம். உங்கள் மரபு எமக்குப் புனிதமானது."

ரிஸ்டீன் எழுந்து நின்றாள். அவளுடைய ஆட்கள் மூன்று பேரும் வேண்டாம் என்று கையைப் பிடித்தார்கள். அவள் உதறிவிட்டாள். தகப்பனுக்கும் தாய்க்கும் சொல்லாத எண்ணை அத்தனை பேருக்கும் முன்னால் கத்திச் சொன்னாள்: "நூற்றைம்பது! நூற்றைம்பதுதான் இருக்கு!" சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அவளுடைய ஆட்கள் தலை குனிந்தார்கள்.

ஆஸ்முண்ட் படிவத்தை மெல்ல மடித்தார். "இப்போது சொல்லப்பட்டது மனவேதனையில் சொல்லப்பட்டது. உங்கள்மீது உள்ள மரியாதையால் நாம் அதைக் கேட்கவில்லை. மேலும், தன் மந்தையைப் பற்றித் தானே சொல்வது பக்கச்சார்பு. நடுநிலை உறுப்பினரின் வார்த்தை ஒன்றே செல்லும்."

"நில்லுங்கோ!" என்று சயூரன் எழும்பினான். "அது நான்…"

தண்ணீர்க் குடுவை அரசாங்கப் பக்கத்திலிருந்து வந்தது. ரிஸ்டீனை நோக்கி எறியப்பட்டது, நடுவில் எழும்பி நின்றவனின் தலையில் உடைந்தது. அவன் விழுந்த பிறகு அவனுக்கு மேலால் சண்டை நடந்தது. அவசர சிகிச்சை நிலையத்தில் பதினொரு தையல் போட்ட பிறகுதான் கண் விழித்தான். வீட்டுக்கு வந்த குறிப்பில் இப்படி இருந்தது: 'தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஐந்து பேர் ஆதரவாகக் கையுயர்த்தினர். அவர்களுள் நடுநிலை உறுப்பினரின் கையைப் பணிப்பாளர் அன்புடன் தாங்கிப் பிடித்தார். ஏனைய நால்வரும் தரையில் இருந்தபடி எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை.'

ஏப்ரல் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, அறுப்பைக் கண்காணிக்க உறுப்பினர்களைச் சிறிய பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏழு மணித்தியால ஓட்டம். பனி இன்னும் முழங்கால்வரை கிடந்தது. ஹெலிகொப்டர் மேலிருந்து விரட்ட, மான்கள் வலைவேலிக்குள் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. திணைக்களத்தின் ஆட்கள் பத்துப் பேர் ரப்பர் அங்கி போட்டு, நெற்றியில் வைத்து அழுத்தும் துப்பாக்கியோடு நின்றார்கள். வாசலில் 'நாம் சேர்ந்து பராமரிக்கிறோம்' என்று துணி கட்டியிருந்தது.

பட் என்று ஒரு சத்தம், ஒரு மான் முன்னங்கால் மடிந்து விழும், அடுத்தது வரும். முதல் முப்பது ஒழுங்காக நடந்தது. பிறகு பனி இரத்தத்தில் சகதியாகி ஆட்கள் வழுக்கினார்கள், குறி தவறியது. கண்ணிலும் கழுத்திலும் சுட்டார்கள். பாதி உயிரோடு எழும்பி ஓடியவற்றின் காலைப் பிடித்து இழுத்துக் கத்தியால் முடித்தார்கள். ரிஸ்டீன் வேலிக்கு வெளியே நின்றாள். ஒவ்வொன்று விழும்போதும் அதன் பெயரைச் சொன்னாள். ஒரு கட்டத்தில் குரல் போய்விட்டது, உதடு மட்டும் அசைந்தது. அவளுடைய அண்ணன் மூன்று விரல் கையோடு வேலியை முறித்து உள்ளே பாய்ந்தார். நான்கு பேர் அவரைப் பனியில் அமுக்கி முதுகில் ஏறி இருந்தார்கள். சயூரன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான்.

பின்னேரம் துப்பாக்கிச் சத்தம் நின்றது. அறுப்பவர்களின் தலைவன் தாளோடு வந்தான்.

"நூற்றைம்பது முடிந்தது. மிச்ச ஐம்பது எங்கே?"

"மிச்சம் இல்லை" என்றார்கள் ஸாமி உறுப்பினர்கள்.

தலைவன் தலையைச் சொறிந்தான். "பெட்டைகளின் வயிற்றில் கன்று இருக்கிறது. அதுகளையும் சேர்த்தால் இருநூறு தாண்டும். சேர்க்கட்டுமா?"

ஆஸ்முண்ட் அதிர்ந்துபோனார். "ஒருபோதும் இல்லை! பிறக்காதவற்றோடு நாம் கலந்தாய்வு நடத்தவில்லை. இந்தத் திணைக்களத்துக்கென்று ஒரு அறம் உண்டு." பிறகு ரிஸ்டீனிடம் போய், இரத்தம் படாத இடமாகப் பார்த்து நின்று, ஒரு சான்றிதழை நீட்டினார். "வாழ்த்துகள். இந்தப் பள்ளத்தாக்கில் நூறு மான்கள் வைத்திருக்கும் உங்கள் உரிமை என்றென்றைக்கும் உறுதிப்படுத்தப்பட்டுள்ளது."

ரிஸ்டீன் அதை வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்தாள். பிறகு எல்லோருக்கும் சுடச்சுட மானிறைச்சிச் சூப் பரிமாறினார்கள். வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடமாட்டேன் என்று சயூரன் சொன்னான். 'உறுப்பினர்களின் மதப்பழக்கங்கள் மதிக்கப்பட்டன' என்று குறிப்பில் ஏறியது.

அதன் பிறகு அவனுக்கு நித்திரையில்லை. "நான் சொல்லித்தானே எழுதினனீங்கள்" என்று ஜெனிதா அழுதாள். திங்கட்கிழமை மத்தியானம் வேலை உடுப்போடு நேரே பணிப்பாளரின் அறைக்குப் போனான்.

"நான் பொய் எழுதினனான். முந்நூறு இல்லை. அவ சொன்னது நூற்றைம்பதுதான். திருத்துங்கோ. பாக்கி எண்டு நிக்கிற அந்த ஐம்பதையாவது கணக்கிலை இருந்து வெட்டிவிடுங்கோ."

ஆஸ்முண்ட் அவனைக் கதிரையில் இருத்தினார். "சயூரன், தவறு என்றால் என்ன? ஏதோவொரு பக்கம் சாய்வதுதான் தவறு. நீங்கள் நடுவில் இருப்பவர். உங்களால் தவறு செய்யவே முடியாது. நீங்கள் எழுதினால் அது எண்ணிக்கை. மான்கள்தான் குறைந்துவிட்டன."

"அப்ப திரும்பக் கூட்டம் வைச்சு மாத்துங்கோ."

"மகிழ்ச்சியோடு செய்வேன். ஆனால் கலந்தாய்வுக்கு மான் உள்ள ஒருவர் வேண்டும். அவரிடம் இப்போது மான் இல்லையே. அவர் மறுபடி மான் வாங்கட்டும். முதல் ஐம்பதை நாங்கள் அறுத்துக்கொள்கிறோம். பிறகு அமர்ந்து பேசலாம்." குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் மனம் வருந்தக்கூடாது. இரண்டு வருடமாக எவராலும் கேட்க முடியாத கேள்வியை முதல் நாளே கேட்டவர் நீங்கள். கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் நாட்டுக்குப் போன விமானத்தில் பக்கத்தில் இருந்தவர் என் சம்பளத்தைக் கேட்டார், வீட்டின் விலையைக் கேட்டார், ஏன் பிள்ளை இல்லை என்று கேட்டார். வாளியோடு உங்களைக் கண்டதும் அந்த மனிதரின் ஞாபகம்தான் வந்தது."

சயூரன் எழும்பி வெளியே வந்தான். எப்படி லிப்டில் ஏறினான் என்பது அவனுக்கு நினைவில்லை. கீழே கதவு திறந்தபோது, வாசல் கூடத்தின் வாங்கில் ரிஸ்டீன் இருந்தாள். கையில் ஒரு கடிதம். பாக்கி ஐம்பது மானையும் முப்பது நாளுக்குள் ஒப்படைக்கவேண்டும் என்று அதில் இருந்தது.

"தவணை கேக்க வந்தனான்" என்றாள். அவளுடைய குரல் இன்னும் திரும்பியிருக்கவில்லை. "என்ரை தங்கச்சி பெட்டைக் கண்டுகள் தாறன் எண்டவள். மான் எப்பிடியும் திரும்ப வரும். பள்ளத்தாக்கு என்ரை பேரிலை கிடந்தால் போதும். அது போனால் போனதுதான்."

"நான்தான் எழுதினனான்" என்றான் சயூரன். "முந்நூறு எண்டு."

"தெரியும். ஏன் எழுதினாய்?"

"கூட எழுதினால் காணியும் கூடத் தருவாங்கள் எண்டு நினைச்சன்."

ரிஸ்டீன் கடிதத்தை வாங்கில் வைத்தாள். எழுந்து நின்று, தோளைப் பின்னால் இழுத்து, மூடிய கையால் அவன் முகத்தின் நடுவில் குத்தினாள். மூக்கெலும்பு முறிந்தது. அவன் சுவரில் மோதிச் சரிந்து நிலத்தில் இருந்தான். இரத்தம் வேலை உடுப்பின் மார்பெல்லாம் ஓடியது. வலியைவிட, ஒரு மாதமாக வரவேண்டியிருந்த ஒன்று வந்துவிட்ட ஆறுதல்தான் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

காவலாளி ஓடிவந்தான். மற்ற லிப்டால் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிய ஆஸ்முண்டும் வந்தார். நிலத்தில் கிடந்தவனையும் நின்றவளையும் பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்தது. கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"பதினான்காம் பிரிவு" என்றார். "நடுநிலை உறுப்பினரைக் காயப்படுத்தும் தரப்பு, பூங்காவில் தனக்குள்ள உரிமைகள் அனைத்தையும் அக்கணமே இழக்கும். பள்ளத்தாக்கும் அதில் அடக்கம். இதைச் சொல்ல நேர்வது எனக்கு எவ்வளவு வேதனை என்பது உங்களுக்கு விளங்கும். சயூரன், உங்கள் வார்த்தை ஒன்றே போதும். வேறு எவருடைய சாட்சியும், என்னுடையதுகூட, தேவையில்லை, செல்லவும் செல்லாது. அடித்தது யார்?"

ரிஸ்டீன் கெஞ்சவில்லை. கையை மூடியபடியே நின்றாள். சட்டைக்குள் இருந்த சான்றிதழின் விளிம்பு வெளியே தெரிந்தது.

சயூரன் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"ஒருத்தரும் அடிக்கேல்லை. விழுந்தனான்."

"விழுந்தீர்களா? எங்கே?"

"இஞ்சைதான். நிலம் ஈரம். காலமை நான்தான் கழுவினனான்."

ஆஸ்முண்ட் குனிந்து நிலத்தைத் தொட்டுப் பார்த்தார். சுண்டக் காய்ந்திருந்தது. "நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். "நடுநிலை உறுப்பினர் ஒன்றைச் சொல்லிவிட்டால் பிறகு அதை மாற்றவே முடியாது."

"அதுதான் சொல்லுறன். விழுந்தனான்." சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றான்.

ரிஸ்டீன் அவனைப் பார்த்தாள். பேனாவைப் பிடித்திருந்த பணிப்பாளரைப் பார்த்தாள். பிறகு ஓரடி முன்னால் வைத்து, இருவருக்கும் நன்றாகத் தெரியும்படி, அவன் வாயில் இன்னொரு குத்து விட்டாள்.

சயூரன் மறுபடி நிலத்தில் கிடந்தான். நாக்கால் துழாவி ஒரு பல்லை வெளியே துப்பினான்.

"பாத்தீங்களே," என்றான், "இன்னொருக்காலும் விழுந்திட்டன்."